அட்டையைத் திருப்பிப் பாருங்க

போன வாரம் பழைய தபால்தலை, நாணயம் விக்கிற ஒரு இடத்துக்குப் போயிருந்தேன். (எந்த மண்டபம், யாரு கடைன்னு சொல்ல மாட்டேன். அது முக்கியமும் இல்ல.) ஒரு மேசையில ஹிட்லர் படம் போட்ட ஜெர்மன் போஸ்ட்கார்டை கண்ணாடி ஃப்ரேம் போட்டு நிக்க வெச்சிருந்தாங்க. ஒரு பக்கம் காந்தி, இன்னொரு பக்கம் எம்.ஜி.ஆர்., நடுவுல இவரு. கேட்டா "லீடர்ஸ் வரிசை சார்"னு பதில்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பக்கத்துல காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன். போனை எடுத்து அதைப் படம் புடிச்சுட்டு, "அண்ணா, செம கெத்தா இருக்குல்ல? ரூம்ல மாட்டலாம்"னான்.

"தம்பி, பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?"

"பின்னாடியா? பின்னாடி என்னண்ணா இருக்கப் போவுது?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும். ஒரு டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நானும் அதே மாதிரி அட்டைகளைத்தான் சேர்க்கிறேன். நாஜி காலத்து ஜெர்மன் பிரசார அட்டை, நினைவு அட்டை, ராணுவத் தபால் எல்லாமே என் பீரோவுல இருக்கு. ராயபுரத்துல உக்காந்துக்கிட்டு இதை எதுக்குடா சேர்க்கிறன்னு சொந்தக்காரங்க கேக்காத கல்யாண வீடே கிடையாது.

ராயபுரத்துல இருக்கறதாலதான்.

எங்க பக்கத்துப் பெருசுங்க பேச்சுல எம்டன் இல்லாம இருக்காது. 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல அந்த ஜெர்மன் கப்பல் மெட்ராஸுக்கு எதிர்ல வந்து நின்னு, நூத்துக்கும் மேல குண்டு போட்டுச்சு. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்க் பத்தி எரிஞ்சுது. ஹைகோர்ட் காம்பவுண்டு சுவர்ல ஒரு குண்டு விழுந்த இடத்துல இப்பவும் கல்வெட்டு இருக்கு. போய்ப் பாருங்க. அன்னிக்கு ஊரே மூட்டை கட்டிக்கிட்டு உள்நாட்டுப் பக்கம் ஓடுச்சு. ஆனா கப்பலுக்கும் ஆயுசு கெட்டியில்ல. அதே வருஷம் நவம்பர் 9-ந்தேதி கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடிச்சு நொறுக்கிடுச்சு.

கப்பல் போச்சு, அட்டை வந்துச்சு! ஜெர்மனியில எம்டன் படம் போட்டு, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் படம் போட்டு அட்டைமேல அட்டையா அடிச்சுத் தள்ளினாங்க. அதுல ஒண்ணு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்ல ஒரு பழைய புஸ்தகக் கட்டுக்குள்ள எனக்குக் கிடைச்சுது. நம்ம ஊரைக் கொளுத்தின கப்பலை அவங்க ஊர்ல ஒரு வீட்டுல மகாலட்சுமி படம் மாதிரி வெச்சிருந்திருக்காங்கன்னு அப்பத்தான் உறைச்சுது. அங்க புடிச்ச பைத்தியம் இது.

அதுக்கப்புறம் இன்னொரு எம்டன் கண்ல பட்டுச்சு. 1925-ல அதே பேர்ல ஜெர்மன்காரங்க புதுசா ஒரு கப்பல் கடல்ல விட்டாங்க. பயிற்சிக் கப்பல். உலகம் பூரா சுத்தும், போற எடத்துல இருந்தெல்லாம் மாலுமிங்க அட்டை போடுவாங்க. அந்த அட்டைகள்ல கப்பல் தபால் முத்திரை இருக்கும். 1934, 35-ல அந்தக் கப்பலுக்குக் கேப்டன் யாரு தெரியுமா? கார்ல் டோனிட்ஸ். ஆமா, 1945-ல ஹிட்லர் செத்ததும் ஜெர்மனிக்குத் தலைவரா உக்காந்த அதே டோனிட்ஸ். அப்புறம் நியூரம்பர்க்ல பத்து வருஷ தண்டனை வாங்கினாரு.

இந்தப் புது எம்டன் அட்டை எங்கிட்ட ரெண்டு இருக்கு. ஒரே கப்பல், கிட்டத்தட்ட ஒரே கோணம். ஒண்ணுல பின்பக்கக் கம்பத்துல பழைய கடற்படைக் கொடி. இன்னொண்ணுல ஸ்வஸ்திகாக் கொடி. 1935-ல கொடி மாறிடுச்சு. மத்தபடி புகைக்கூண்டு, பீரங்கி, கடல் எல்லாம் அப்படியே இருக்கு. லென்ஸ் வெச்சுப் பாத்தாத்தான் வித்தியாசமே தெரியும். ஒரு நாடு எப்படி மாறுதுன்னு இந்த ரெண்டு அட்டையையும் காட்டித்தான் நான் என் அக்கா பசங்களுக்குச் சொல்லுவேன்.

(அந்த ஸ்வஸ்திகா நம்ம வாசக்கால்ல போடறதுதானேன்னு கேக்கறவங்களுக்கு: நம்ம வாசல்ல அது "வாங்க"ன்னு சொல்லுது. அந்தக் கொடியில அது யாரை வெளியே தள்ளணும்னு சொல்லுச்சு. பாக்க ஒரே மாதிரி இருந்தா ரெண்டும் ஒண்ணாயிடாது.)

சரி, இந்த அட்டை எல்லாம் எப்படி ஓடுச்சு? இன்னிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எப்படியோ, அன்னிக்கு அட்டை அப்படி. ஹிட்லரோட போட்டோகிராஃபர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் அந்தப் படங்களை வித்தே பெரும் பணக்காரரு ஆனாரு. குழந்தையைக் கொஞ்சற ஹிட்லர், நாயோட ஹிட்லர், மலை அடிவாரத்துல ஹிட்லர். தேடினாலும் கோவமா ஒரு படம் அதிகம் மாட்டாது. கட்சி மாநாட்டுக்கு ஒரு முத்திரை, பொறந்த நாளுக்கு ஒரு முத்திரை, ஏழைங்களுக்குக் குளிர்கால உதவின்னு ஒரு வரிசை.

இதுல காசும் இருக்கு. 1938-ல ஹிட்லர் பொறந்த நாளுக்கு ஒரு தபால்தலை விட்டாங்க. அதுல "12+38"னு போட்டிருக்கும். தபால் செலவு 12 பென்னிக். மேல இருக்கற 38 பென்னிக் ஹிட்லரோட பண்பாட்டு நிதிக்கு. தபாலை விட மொய் மூணு மடங்கு! ஜனங்களும் வாங்கினாங்க. எனக்கு இது ரொம்ப முக்கியமான விஷயம். பிரசாரத்துக்கு ஆகற செலவையும் ஜனங்ககிட்டயே வசூல் பண்ணிட்டாங்க.

1936 பெர்லின் ஒலிம்பிக் அட்டைகளும் இதே கதைதான். உலகத்துக்குச் சிரிச்ச முகம் காட்டறதுக்காகப் போட்ட அட்டை. ஆனா அதுல எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அந்த ஆகஸ்ட் 15-ந்தேதி ஹாக்கி ஃபைனல்ல தியான்சந்த் டீம் ஜெர்மனியை 8-1னு அடிச்சுது. அவங்க ஊர்லயே! (நம்ம மெட்ராஸ் எம்.ஜே. கோபாலன் அந்த ஹாக்கி டீமுக்குப் போயிருக்க வேண்டியவரு. அந்த வருஷம் கிரிக்கெட் டீமோட இங்கிலாந்து போனாரு. அங்க ஒரு டெஸ்ட்லகூட எறக்கல. இன்னிக்கு நினைச்சாலும் மனசு கேக்கல.)

இப்ப அந்தப் பையன் கேட்ட "பின்னாடி என்ன இருக்கப் போவுது"க்கு வரேன்.

எங்கிட்ட இருக்கறதுலயே நான் அதிக நேரம் பாக்கற அட்டை ஒண்ணு. 1938 மார்ச்ல ஆஸ்திரியாவை ஜெர்மனி முழுங்கினதும் அடிச்சது. முன்பக்கம் செக்கச்செவேல்னு பெரிய ஜெர்மனி வரைபடம், அதுக்கு முன்னாடி ஹிட்லர் தலை, கீழ ஒரே மக்கள், ஒரே நாடு, ஒரே தலைவன்ங்கற கோஷம். ஏப்ரல் 10-ந்தேதி ஓட்டெடுப்புக்காகப் பரப்பின அட்டை. ரொம்ப சாதாரணமாக் கிடைக்கும், ஏகப்பட்டது அடிச்சிருக்காங்க. அந்த ஸ்டால்ல ஃப்ரேம் போட்டிருந்ததும் இதே அட்டைதான்.

திருப்பினா வியன்னா முத்திரை. பக்கத்து பக்கத்துல ரெண்டு தபால்தலை. ஒண்ணு ஆஸ்திரியாவோடது, ஒண்ணு ஜெர்மனியோடது. அந்த வருஷம் அக்டோபர் வரைக்கும் பழைய ஆஸ்திரியத் தபால்தலையும் செல்லும்னு விட்டிருந்தாங்க. இல்லாமப் போன ஒரு நாடும் அதை முழுங்கின நாடும் ஒரே மூலையில ஒட்டியிருக்கு, ரெண்டு மேலயும் சேர்த்து ஒரே கறுப்பு வட்டம்.

கீழ கையெழுத்து. பழைய ஜெர்மன் கூட்டெழுத்து, சுட்டர்லின்னு சொல்லுவாங்க. நான் மேக்ஸ் முல்லர் பவன்ல படிச்ச ஜெர்மன் இதுக்குப் பத்தாது, எழுத்தெல்லாம் வேலிக்கம்பி மாதிரி ஒரே கூரா நிக்கும். (1941-ல நாஜி அரசே இந்த எழுத்தை நிறுத்திடுச்சு.) மெதுவா எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ஒரு பொம்பளை தன் அக்காவுக்கு எழுதினது. குழந்தைக்கு இருமல் தேவலை. உன்கிட்ட இருக்கற பின்னல் மாதிரியை அனுப்பி வை. கீழ்வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, அந்த வீட்டுல வெளிச்சம் நல்லா வரும், கேட்டுப் பாக்கலாம்னு இருக்கோம்.

அவ்வளவுதான். கோஷம் இல்ல, ஹிட்லர் இல்ல.

கீழ்வீட்டுக்காரங்க யாரு, ஏன் போனாங்கன்னு அட்டையில இல்ல. வாடகை கட்ட முடியாமப் போயிருக்கலாம். ஆனா வியன்னா, 1938 வசந்தகாலம். யூதங்களைத் தெருவுல மண்டி போட வெச்சு, பிரஷ் குடுத்து ரோட்டைத் தேய்க்க விட்ட வாரங்கள் அவை. சுத்தி நின்னு வேடிக்கை பாத்து சிரிச்சிருக்காங்க. அந்த ஓட்டெடுப்புல யூதங்களுக்கு ஓட்டே கிடையாது. 99 சதவீதத்துக்கும் மேல "ஆமா"ன்னு கணக்குக் காட்டினாங்க. அந்த அக்கா தங்கச்சி கெட்டவங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியல. நல்ல வெளிச்சம் வர்ற வீடு காலியா இருக்குன்னு எழுதறாங்க. இந்த அட்டையை எழுதின கை ரொம்ப சாதாரணமான கை. அதுதான் என்னைத் தூங்க விடாது.

இப்ப சொல்லுங்க, இதைக் கண்ணாடி ஃப்ரேம் போட்டு, பின்பக்கத்தை மூடி, சுவத்துல மாட்டலாமா?

அதனால நான் எனக்குன்னு சில கட்டுப்பாடு வெச்சிருக்கேன். எழுதாத அட்டை வாங்க மாட்டேன். தபால்ல போயிருக்கணும், ஒரு மனுஷன் கை பட்டிருக்கணும். வீர சாகசம், மகா தலைவர்னு விளம்பரம் பண்ணி விக்கிறவங்ககிட்ட எவ்வளவு மலிவாக் கிடைச்சாலும் வாங்க மாட்டேன். உலகத்துல இதை இன்னும் பக்தியோட வாங்கற கூட்டம் இருக்கு, அந்தச் சந்தைக்கு என் காசு போகக் கூடாது. ஜெர்மனியிலயே இந்தச் சின்னத்தைப் பொது இடத்துல காட்டினா கிரிமினல் குத்தம். படிப்பு, ஆராய்ச்சி மாதிரி சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு. அங்க பல வியாபாரிங்க கேட்லாக்ல ஸ்வஸ்திகாவை மறைச்சுத்தான் போடறாங்க.

மூணாவதுதான் பெரிசு. ஆல்பத்துல இந்த அட்டை தனியா இருக்கக் கூடாது. இடது பக்கம் பிரசார அட்டை வெச்சா, வலது பக்கம் அதே காலத்துல அதால அடிபட்டவங்களோட தபால் ஒண்ணு வெக்கணும். என் வியன்னா அட்டைக்கு எதிர்ல 1939-ல பெர்லின்ல இருந்து லண்டனுக்குப் போன ஒரு கவர் இருக்கு. பின்னாடி அனுப்பினவங்க பேரு. பேருக்கு நடுவுல "ஸாரா". அந்தம்மாவோட அப்பா அம்மா வெச்ச பேரு இல்ல அது. 1939 ஜனவரியில இருந்து, பேரைப் பாத்ததும் யூதர்னு தெரியலன்னா, பொம்பளைங்க எல்லாரும் "ஸாரா"ன்னும் ஆம்பளைங்க எல்லாரும் "இஸ்ரேல்"னும் பேர்ல சேர்த்து எழுதியே ஆகணும்னு சட்டம் போட்டாங்க. தபால் கவர்ல தன் கையாலயே தன்னைக் காட்டிக் குடுத்துக்கணும்.

யுத்தம் வந்ததும் அந்தத் தபாலும் நின்னு போச்சு. அப்புறம் செஞ்சிலுவைச் சங்கம் மூலமா இருபத்தஞ்சு வார்த்தை அனுப்பலாம். இருபத்தஞ்சே வார்த்தை, அதுவும் குடும்ப விஷயம் மட்டும். அதே தாளோட பின்பக்கத்துல பதில் எழுதி, மாசக்கணக்குல கழிச்சு திரும்பி வரும். பல தாளுக்குப் பதில் வரவே இல்ல.

(நம்ம ஊருக்கும் யூதங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. பவளமும் வைரமும் வித்த மெட்ராஸ் யூதங்களோட கல்லறைக் கற்கள் கொஞ்ச காலம் இதோ இந்தக் காசிமேட்டுலயே இருந்துச்சு. துறைமுகம் பெரிசானப்போ லாயிட்ஸ் ரோட்டுக்கு மாத்தினாங்க.)

இனிமே சொல்லப் போறது சில பேருக்குக் கசக்கும். எனக்கும் கசந்துச்சு.

1939 செப்டம்பர் 3. நேதாஜி மெட்ராஸ் பீச்சுல பேசிக்கிட்டிருக்காரு, கடலளவு கூட்டம். யாரோ சாயங்காலப் பேப்பரைக் கையில குடுக்கறாங்க. பிரிட்டன் ஜெர்மனி மேல யுத்தம் அறிவிச்சுடுச்சு. அந்தச் சேதி அவருக்கு நம்ம மணல்ல நின்னப்போதான் வந்துச்சு. ஒண்ணரை வருஷம் கழிச்சு அவரே பெர்லின்ல. 1943-ல அவரோட ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) தபால்தலைகள் அங்கதான் அச்சாகுது. வரைஞ்சவங்க ஆக்ஸ்டர்-ஹாய்ட்லாஸ்னு ஒரு ஜெர்மன் தம்பதி. அந்த ஆட்சிக்குப் போஸ்டர் வரைஞ்ச அதே கை. அடிச்சது ஜெர்மன் அரசாங்க அச்சகம். ஏர் ஓட்டற விவசாயி, ராட்டை சுத்தற பொண்ணு, சங்கிலி அறுந்த இந்தியா, ஜெர்மன் மெஷின்கன் புடிச்ச சீக்கிய சிப்பாய். ஒரு தபால்லயும் அது ஒட்டிப் போகல.

எங்கிட்ட ராட்டைப் பொண்ணு இருக்கு. லென்ஸ் வெச்சுப் பாத்தா அந்தத் தோள், அந்த நிமிர்ந்த கழுத்து, அடியில இருந்து அண்ணாந்து பாக்கற கோணம், எல்லாம் என் ஆல்பத்துல இருக்கற ஜெர்மன் அட்டைப் பொண்ணுங்களோடதுதான். புடவை மட்டும் நம்மளோடது.

எங்க வீட்டுக் கூடத்துல நேதாஜி படம் மாட்டியிருக்கு. அதை எடுக்கப் போறதில்ல. மலேயாத் தோட்டத்துல இருந்து அவர் பின்னாடி போன தமிழங்க எத்தனை பேரு! அந்தப் படம் அங்கதான் இருக்கும். ஆனா இந்தத் தபால்தலை எந்த மெஷின்ல இருந்து வந்துச்சுங்கறதையும் சேர்த்துத்தான் வெச்சுக்கணும். அதனால அது என் ஆல்பத்துல "சுதந்திரப் போராட்டம்"னு தனியா இல்ல, வியன்னா அட்டைக்கும் ஸாரா கவருக்கும் அடுத்த பக்கத்துல இருக்கு.

ஒண்ணு சேர்த்துக்கறேன். ப்ளாட்ஃபார்ம்ல ஹிட்லரோட "எனது போராட்டம்" வாங்கி, "ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் நாடு திருந்தும்"னு டீக்கடையில பேசறவங்க அதுல இந்தியா பத்தி வர்ற பக்கத்தையும் படிக்கணும். இந்தியா வேற யார்கிட்டயோ இருக்கறதை விட இங்கிலீஷ்காரன்கிட்டயே இருக்கட்டும்னு எழுதியிருக்காரு. 1942 மே மாசம் ஹிட்லரை நேர்ல பாத்தப்போ நேதாஜியே அதைப் பத்திக் கேட்டாரு.

சரி, சேர்க்கணும்னு நினைக்கறவங்களுக்கு நாலு வார்த்தை. டூப்ளிகேட் ஏகப்பட்டது சுத்துது. கள்ளநோட்டு பாக்கற புற ஊதா லைட் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. பேப்பரைப் பளீர்னு காட்டற ரசாயனம் 1950 வாக்குலதான் புழக்கத்துக்கு வந்துச்சு. 1938 அட்டைன்னு சொல்றது புற ஊதா வெளிச்சத்துல நீலமா மின்னுச்சுன்னா வெச்சுட்டு வந்துடுங்க. அசல் போட்டோ அட்டையை லென்ஸ்ல பாத்தா புள்ளி தெரியாது. புள்ளி புள்ளியா இருந்தா அச்சு. அச்சுலயும் அசல் உண்டு, ஆனா "அசல் போட்டோ"ன்னு சொல்லி அச்சை வித்தா சந்தேகப்படுங்க.

நம்ம பக்கத்துக்குன்னு தனித் தொல்லை உண்டு. கடல் உப்புக் காத்து, எண்ணூர் சாம்பல், மழை மாசத்துல பூஞ்சை. சாதா பிளாஸ்டிக் கவர் போட்டா ஒரு வருஷத்துல பிசுபிசுன்னு ஒட்டிக்கும். பாலியஸ்டர் கவர்னு கேட்டு வாங்குங்க. அந்துருண்டை வேண்டாம், போட்டோ அட்டைக்கு ஆகாது. இரும்பு பீரோவுல, தரைக்கு மேல ரெண்டாவது தட்டுல, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க. வெள்ளம் வர்ற வீடுன்னா இன்னும் மேல. லேமினேட் மட்டும் பண்ணவே பண்ணாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்னு கேப்பீங்க. கடைக்காரர்கிட்ட கேட்டு ஃப்ரேமைக் கழட்டச் சொன்னேன், அவரும் முகம் சுளிக்காமக் கழட்டிக் குடுத்தாரு. பின்பக்கம் காலி. எழுதாத அட்டை. அதனால என் போன்ல இருக்கற வியன்னா அட்டையோட பின்பக்கத்தைக் காட்டி, வரி வரியாச் சொன்னேன். அவன் அந்த அட்டையை வாங்கல. என் நம்பரை வாங்கிக்கிட்டான். சுட்டர்லின் எங்க கத்துக்கலாம்னு முந்தாநாள் மெசேஜ் போட்டிருக்கான்.

இப்ப என் தேடல் ஒண்ணே ஒண்ணுதான். 1939 ஆகஸ்ட் மாசம், யுத்தத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, ஜெர்மனியில இருந்து மெட்ராஸுக்கு வந்த ஒரு அட்டை. ஹாம்பர்க் கப்பல்ல வேலை பாத்தவங்க, துறைமுகக் கம்பெனியில இருந்தவங்க, லூத்தரன் மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க குடும்பம் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொத்தியூர் பக்கம் இன்னும் இருக்கு. தாத்தாவோட டிரங்குப் பெட்டியில அப்படி ஏதாவது கிடந்தா காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க. எனக்கு விக்கணும்னும் இல்ல. ரெண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்க, படிச்சு என்ன எழுதியிருக்குன்னு சொல்றேன். பின்பக்கம் முதல்ல எடுங்க.